வெடியரசன் கோட்டையைக் காப்பது எப்படி?
தீவகத்துப் பௌத்தப் பள்ளிகளின் வரலாறும் பாதுகாப்பும்

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று நாங்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் ஓர் இடம் உண்டு. கோட்டை என்று தேடிப் போகிறவர்கள் அங்கே கொத்தளத்தையோ அகழியையோ காணமாட்டார்கள். பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வட்டமான அடித்தளங்கள், அவற்றைச் சுற்றிச் சரிந்து கிடக்கும் கற்கள், பற்றைகள், பக்கத்தில் மேயும் மாடுகள். இவ்வளவுதான் அங்கே இருக்கிறது. இந்த வட்டங்கள் பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்று தொல்லியல் திணைக்களம் சொல்கிறது. எங்கள் பக்கத்து ஆய்வாளர்களும் அதைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். சண்டை தொடங்குவது அதற்கு அடுத்த கேள்வியில்: அப்படியானால் இது யாருடையது?

“பௌத்தம் என்றால் சிங்களம், ஆகவே இது சிங்களவருடையது” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து, “இங்கே பௌத்தமே இருந்ததில்லை, இது வெடியரசனின் கோட்டை மட்டுமே” என்று எங்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பிழையான கணக்கைத்தான் போடுகிறார்கள். மதத்தை இனத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் கணக்கு அது. இந்த வாய்ச்சண்டைக்கு நடுவே கல் ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரு கருத்துத்தான். இந்த இடிபாட்டைக் கடலோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கடல்வழியே வந்த வணிகமும் சமயமும் மொழியும் சேர்ந்துதான் தீவகத்துப் பள்ளிகளை, அதாவது பௌத்த விகாரைகளை, உண்டாக்கின. அந்த வரலாறு விளங்கினால், எதைக் காக்க வேண்டும், எப்படிக் காக்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

முதலில் பௌத்தத்தைப் பற்றிய கூச்சத்தை விட்டுவிடுவோம். தமிழர் பௌத்தர்களாக இருந்தார்கள் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். மணிமேகலை பௌத்தக் காப்பியம். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூலைச் செய்த புத்தமித்திரர் பௌத்தர். நீலகேசி என்ற சமண நூல் குண்டலகேசியின் பௌத்தத்தை மறுத்து வாதிடுகிறது என்றால், மறுத்து வாதிடும் அளவுக்கு அந்தச் சமயத்துக்குத் தமிழ்நாட்டில் ஆள்பலம் இருந்திருக்கிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

இலங்கைக்கு வருவோம். 1936 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில் அமைந்த அந்த ஏடு, கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த வசப மன்னனின் காலத்தில், நாகதீவு என்று அப்போது வழங்கிய இந்த வடபகுதியை இசிகிராயன் என்ற அமைச்சன் நிர்வகித்தபோது, ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்கிறது. அதே வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலையை ஆளுநர் ஹென்றி பிளேக் 1906 இல் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். ஏடு கிடைப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே சிலை போய்விட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. தொல்பொருள் அது கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கிலேயே இருக்கும் முதல் பாடம் இது.

இது ஆதிகாலம். இடைக்காலத்தில் என்ன நடந்தது என்பதற்குத் திருகோணமலைக்குப் போக வேண்டும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் ஆட்சியில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகளைப் பதிந்து வைத்திருக்கின்றன. கொடுத்தவர்கள் தமிழர். சுற்றுவட்டத்துத் தமிழ் மக்கள் பிற்காலத்தில் அதே இடத்தை நாதனார் கோயில் என்று அழைத்தார்கள். பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைத் தங்கள் காவலில் ஏற்றுக்கொண்டு வெட்டிய கல்வெட்டும் தமிழிலேயே இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா தமது ஆய்வுகளில் இந்தச் சான்றுகளை ஒன்றாகச் சேர்த்து, பழைய இலங்கையில் இனமும் மதமும் இன்றைய கோடுகளின்படி பிரிந்து கிடக்கவில்லை என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இனித் தீவகம். இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் நயினாதீவுக்குப் போயிருப்பீர்கள். நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருப்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்மனைக் கும்பிட வரும் ஆயிரமாயிரம் பேரில் அந்தக் கல்லின் முன் நின்று பார்ப்பவர்கள் மிகச் சிலர். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு அது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த ஆணை. இந்திரபாலா 1963 இல் அதைப் பதிப்பித்தார்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் அது உங்கள் ஊரைப் பற்றியது. பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து சேர வேண்டும், வந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று ஆணை சொல்கிறது. ஊராத்துறை என்பது நாம் இப்போது இருக்கும் ஊர்காவற்றுறைதான். அடுத்து, உடைந்த கப்பல்களைப் பற்றிய விதி. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கரையில் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும். அவற்றைக் கொண்டுவருகிறவன் நட்டப்பட்டு, அடுத்தமுறை வேறு துறைக்குப் போய்விடக்கூடாது. ஆகவே அவனுக்குச் சலுகை. ஒரு துறைமுக அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டிய சுங்க விதி இது. தமிழில் ஏன் எழுதினார்கள்? அந்தத் துறையில் வந்திறங்கிய வணிகரும், அங்கே கணக்குப் பார்த்த அலுவலரும் வாசிக்கக்கூடிய மொழி அதுவாக இருந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கல்வெட்டு வெறும் வார்த்தை இல்லை என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி வந்தது. 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அல்லைப்பிட்டியில் அகழ்ந்தபோது, சீனாவின் சொங் அரசமரபுக் காலத்து மட்பாண்டங்கள் குவியலாகக் கிடைத்தன. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அவற்றுக்குக் காலம் குறித்தார்கள். 2018 இல் ஷங்காய் நூதனசாலைக் குழுவும் இலங்கை ஆய்வாளரும் சேர்ந்து மறுபடியும் அங்கே தோண்டினார்கள். அல்லைப்பிட்டியில் சீனத்துக் கிண்ணம், நயினாதீவில் கப்பல் விதி, ஊர்காவற்றுறையில் துறைமுகம். மூன்றும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டுக்குள் வருகின்றன. மூன்றுக்கும் பொதுவானது கடல்வழி.

அந்தக் கடல்வழியின் அடுத்த கரையில் நாகப்பட்டினம் இருக்கிறது. ஸ்ரீவிஜயத்து அரசன் சூளாமணிவர்மன் அங்கே ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைத் தந்தையின் பெயரால் முடித்துவைத்தான். தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெரிய கோயில் எடுத்த அதே இராஜராஜன், 1006 அளவில் இந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஒல்லாந்தரால் கொண்டுசெல்லப்பட்டு, லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றன. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தபோது நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இந்த ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று.

சைவ அரசன் ஏன் பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுக்க வேண்டும்? கடல் கடந்துவரும் வணிகர் கும்பிடும் இடம் அது. அவர்கள் தங்கவும், காற்று மாறும்வரை காத்திருக்கவும், சண்டை வந்தால் நடுவர் வைக்கவும் ஓர் இடம் வேண்டும். துறைமுகம் செழிக்க வேண்டுமானால் அந்த இடமும் செழிக்க வேண்டும். தீவகத்துப் பள்ளிகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நெடுந்தீவைப் படத்தில் பாருங்கள். குடாநாட்டுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே, பாக்குநீரிணையில் தனியாக நிற்கும் தரை அது. நல்ல தண்ணீர் உள்ள தீவு. கப்பலோட்டிக்கு அடையாளம் காட்டும் ஒரு மேடும், பிக்கு ஒருவரும், கிணறும் இருந்தால் அங்கே வள்ளம் ஒதுங்கும். வெடியரசன் கோட்டையில் கும்பிட்டவர்களில் தமிழர், சிங்களவர், மலாய் நாட்டவர் என்று பலரும் இருந்திருக்கலாம். அதை மறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

இடைக்காலத்தின் பின்பகுதியில் நிலைமை மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு வேரூன்றியது. சைவம் ஊர்களின் பொதுச்சமயமாக நிலைத்தது. பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடை கொடுக்க ஆள் குறைந்தது. ஆனாலும் நினைவு உடனே அழிந்துவிடவில்லை. நம்பொத என்ற பழைய சிங்கள ஊர்ப்பட்டியல், தமிழ்ப் பகுதியில் உள்ள பௌத்தத் தலங்களைச் சொல்லும்போது குடாநாட்டில் உள்ள கந்தரோடையையும் நாகதீவையும் புங்குடுதீவையும் காரைதீவையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இவர்களின் ஆட்சியில் இடிக்கப்பட்ட சைவக் கோயில்களின் கல் கோட்டைகளுக்குப் போனது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கட்டடக் கல்லாகக் கிடந்து பிறகு கண்டெடுக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். கைவிடப்பட்ட பள்ளிகளுக்கு ஒருவரும் பீரங்கி வைக்கத் தேவையில்லை. கல் தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் அமராவதியைச் சொல்லாமல் போக முடியாது. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்த மகாதூபிக்கு 1790களில் அவ்வூர் ஜமீன்தார் கல் எடுக்க ஆள் விட்டார். காலின் மெக்கன்சி என்ற அதிகாரி முதலில் போய்ப் பார்த்து, பல ஆண்டு கழித்து மறுபடியும் போனபோது பெரும்பகுதி போய்விட்டது. சிற்பப் பலகைகள் சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டன. எஞ்சியதை 1845 இல் வோல்டர் எலியட் தோண்டினார். அவற்றில் பல இலண்டன் நூதனசாலையில் இருக்கின்றன. அதே எலியட் அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்துக்குப் போனார். சூளாமணி விகாரத்தினது என்று கருதப்படும் கோபுரம் அப்போதும் நின்றது. மூன்று நிலை, உள்ளே வெறும் கூடு, மாலுமிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் செங்கல் கோபுரம். அதை வரைந்துகொண்டார். 1867 இல் அங்கிருந்த யேசுசபையினர் அரசின் அனுமதி பெற்று அதை இடித்துவிட்டார்கள். 1856 முதல் 1930கள் வரை அந்த நிலத்துக்கு அடியிலிருந்து 350 க்கு மேற்பட்ட வெண்கலப் படிமங்கள் வெளிவந்தன. அவை இன்று சென்னையிலும் உலகின் பல நூதனசாலைகளிலும் பிரிந்து கிடக்கின்றன. கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு எலியட்டின் குறிப்பும் படமும்தான் மிச்சம். ஒரு மனிதர் அளந்து வரைந்து வைத்ததால் அவ்வளவாவது மிஞ்சியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் இதற்கு வருவேன்.

நெடுந்தீவில் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்க நூலகம் போக வேண்டாம். புங்குடுதீவின் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவில் இறங்கினால், தெருவின் இரண்டு பக்கமும் அதைப் பார்க்கலாம். வேறு தீவுகளில் கிடுகு வேலியும் கம்பி வேலியும் இருக்கும் இடத்தில் நெடுந்தீவில் கல்வேலி. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரிய முருகைக்கல்லை இரண்டு வரிசையாக அடியில் வைத்து, நடுவைச் சிறு கல்லால் நிரப்பி, மேலே போகப்போக ஒடுக்கிக்கொண்டு போவார்கள். கல்லின் கரடுமுரடான பல்லே பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். காற்று இடைவெளிக்குள்ளால் போவதால் வாடைக்காற்றுக்கும் அது விழாது. இந்தக் கைவேலை நெடுந்தீவாரின் பெருமை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வேலிக்குக் கல் எடுக்கும்போது, பக்கத்தில் ஏற்கெனவே வெட்டி அடுக்கிய கல் கும்பியாகக் கிடந்தால் யார்தான் கடற்கரைக்குப் போவார்கள்? தூபியின் கல்லும் வேலியின் கல்லும் ஒரே கல். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களை மூடிய பிறகு, அவற்றின் கல்லைச் சுற்றுவட்டத்து விவசாயிகள் களஞ்சியம் கட்ட எடுத்துப் போனார்கள். எந்த நாட்டிலும் இது நடந்திருக்கிறது. இதற்காக நெடுந்தீவு மக்களைக் குற்றம் சொல்ல முடியாது. இனிமேல் நடக்காமல் பார்ப்பதுதான் வேலை.

இப்போது வெடியரசனுக்கு வருவோம். கண்ணகி வழக்குரையிலும் கோவலனார் கதையிலும் வெடியரசன் வருகிறான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டும். அதை எடுத்துவர மீகாமன் கப்பலோடு புறப்படுகிறான். வழியில் தீவை ஆண்ட வெடியரசன் மறிக்கிறான். கடலில் போர் நடக்கிறது. அவன் தம்பிமாரும் போருக்கு வருகிறார்கள். தீவகத்திலும் மட்டக்களப்பிலும் கண்ணகி கோயில்களில் பாடிவந்த கதை இது. “இது புராணம், தூபிதான் வரலாறு” என்று ஆய்வாளர் சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கதையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கப்பல், துறை, மணி வணிகம், நாகர், கடல்வழியைத் தன் கையில் வைத்திருந்த தீவுத் தலைவன். மகாவம்சம் சொல்லும் நாகதீபக் கதையிலும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். புத்தர் வந்து அதைத் தீர்த்துவைக்கிறார். பாலியிலும் தமிழிலும் இரண்டு கதைகள். இரண்டிலும் இந்தக் கடலில் மணிக்காகச் சண்டை. பள்ளி பாழடைந்த பிறகு அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்து, அதை நினைவில் வைத்திருந்தது இந்த மக்கள்தான். வெடியரசன் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கற்குவியல் எப்போதோ வெறும் கற்குவியலாகிக் காணாமல் போயிருக்கும். ஆகவே அந்த இடத்தில் வைக்கும் அறிவிப்புப் பலகையில் தூபியைப் பற்றி எழுதினால், வெடியரசனைப் பற்றியும் எழுத வேண்டும். மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருக்க வேண்டும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் வேறொன்று என்று எழுதினால் அந்தப் பலகையே சண்டைக்குக் கால் நாட்டிவிடும்.

பாதுகாப்பு என்று வரும்போது எங்களுக்கு மூன்று அபாயங்கள் இருக்கின்றன. முதலாவது புறக்கணிப்பு. கல் எடுத்தல், மாடு ஏறி மிதித்தல், ஆலும் வேம்பும் இடுக்கில் வேர்விடுதல். இது எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது அபாயம் அக்கறையோடு வருவது: அவசரத் திருத்தவேலை. கந்தரோடையை எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஈ. பீரிஸ் 1917 அளவில் அங்கே ஆய்வு செய்து, யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அங்கே குழி வெட்டி, ஆதிகாலக் குடியிருப்பின் அடுக்குகளைக் காட்டினார்கள். ஆனால் இன்று நீங்கள் அங்கே போய்ப் பார்க்கும் அழகான சின்னத் தூபிகளில் பலவும் பழைய அடித்தளத்தின் மேல் இருபதாம் நூற்றாண்டில் மீளக் கட்டப்பட்டவை. பழையது எது, புதியது எது என்று பாடசாலைப் பிள்ளைக்குச் சொல்ல அங்கே வழி இல்லை. 1964 இல் வெனிஸ் நகரில் உலக வல்லுநர் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தவேலை நிற்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. வெடியரசன் கோட்டையில் யாராவது அரைக்கோளம் கட்டி வெள்ளை அடிக்க வந்தால், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி, இந்த விதியைத்தான் நாங்கள் எடுத்துக் காட்ட வேண்டும். கும்மட்டம் எப்படி இருந்தது என்று தெரியாமல் கும்மட்டம் கட்டக்கூடாது.

சீமெந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முருகைக்கல் துளை நிறைந்த கல். கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் அதற்குள் போய்வந்துகொண்டே இருக்கும். இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் சாந்து வழியே வெளியேறும். உப்பு சாந்தைத்தான் தின்னும். சில வருடத்துக்கு ஒருமுறை சாந்தை மாற்றிக்கொள்ளலாம். சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்குச் சாந்து வழியே போக வழி இல்லை. அது கல்லின் முகத்தால் வெளியேறும். உப்பு அங்கே படிகமாகி, கல்லின் தோலை உரித்து மாவாக்கிவிடும். சீமெந்து அப்படியே நிற்கும், கல் போய்விடும். இந்த ஊர்க் கரையில் இருக்கும் போர்த்துக்கேயர் கோட்டையின் இடிபாட்டையும் நெடுந்தீவில் ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லும் கட்டடத்தையும் பழுதுபார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். நல்ல மனத்தோடு சீமெந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை முதலில் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாவது அபாயம் பயம். சட்டத்தைப் பார்ப்போம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது, சொந்தக் காணியிலேயே ஆனாலும் குற்றம். வர்த்தமானியில் வெளியிட்டு ஒரு சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம். அதைச் சேதப்படுத்தினால் தண்டனை. காகிதத்தில் இது நல்ல சட்டம். ஆனால் வடக்கு கிழக்கில் கடந்த ஆண்டுகளில் தொல்லியல் என்ற பெயரில் காணிகள் கேள்விக்குள்ளானதையும் புதிய விகாரைகள் எழுந்ததையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் விளைவு என்ன? காணிக்குள் பழைய ஓடோ காசோ கிடைத்தால் அதைச் சொல்லாமல் மூடிவிடுகிறார்கள். பத்துப் பேரின் கிணற்றடியில் பத்துத் துண்டு வரலாறு மௌனமாகப் புதைந்துவிடுகிறது. மக்களை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. காணியைப் பறிகொடுப்போம் என்று பயப்படுகிறவரிடம் வரலாற்று உணர்வு எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய பொறுப்புத் திணைக்களத்துக்குத்தான் முதலில் இருக்கிறது. எல்லைக்கல் நடும் முன்பு பிரதேச செயலகத்தில் வரைபடத்தை விரித்து, எந்த வேலியிலிருந்து எந்த வேலி வரை, யாருடைய மேய்ச்சலுக்கு என்ன ஆகும் என்று தமிழில் எழுத்தில் சொல்ல வேண்டும். மக்களும் தங்கள் ஆட்சேபத்தைத் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டுப் போகாமல், எழுத்தில் பதிந்துவைக்க வேண்டும்.

அடுத்து, தோண்டுதல். கல்லை மட்டும் பார்த்துக் காலம் சொல்லிவிட முடியாது. முதலாம் நூற்றாண்டு என்று ஒருவரும் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று ஒருவரும் வாதாடிக்கொண்டே இருக்கலாம். அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண்ணடுக்கில் கிடைக்கும் ஓட்டுத் துண்டும் கரித்துண்டும்தான் தீர்ப்புச் சொல்லும். அந்த அகழாய்வு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவரும் திணைக்களமும் சேர்ந்து, ஊராருக்குத் திறந்த குழியாக நடக்க வேண்டும். என்ன கிடைத்தது என்பது வாராவாரம் ஊர் வாசிகசாலையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கிடைத்த பொருள் தீவை விட்டுப் போகக்கூடாது. ஒரு சிறு காட்சியறை போதும். வல்லிபுரத்துச் சிலை பாங்கொக்கில் இருப்பதும் நாகப்பட்டினத்துப் படிமங்கள் பல கண்டத்தில் சிதறிக் கிடப்பதும் எங்களுக்குப் போதிய பாடம்.

இவை எல்லாம் அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை. அவை நடக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கைகட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எலியட்டின் படத்தை மனதில் வைத்திருங்கள் என்று சொன்னேன். தோண்டுவதற்குத்தான் அனுமதிப்பத்திரம் வேண்டும். அளந்து வரைவதற்கும், இருக்கிறதை இருக்கிறபடி படம் எடுப்பதற்கும், பெரியவர்கள் சொல்லும் வெடியரசன் கதையை ஒலிப்பதிவு செய்வதற்கும் ஊரார் கையே போதும். நெடுந்தீவுப் பாடசாலை மாணவர் ஒரு வகுப்பு, ஓர் அளவு நாடா, ஒரு திசைகாட்டி, ஒரு கைத்தொலைபேசி. ஒவ்வொரு வட்டத்தின் விட்டம், உயரம், எஞ்சிய வரிசை எத்தனை, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று கட்டக்கோட்டுத் தாளில் வரையட்டும். ஆண்டுதோறும் மழைக்குப் பிறகு அடுத்த வகுப்பு மறுபடியும் அளக்கட்டும். பிரதியைப் பிரதேச செயலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் பாடசாலையிலும் வைக்கட்டும். எது கழன்றது, எப்போது கழன்றது, யாராவது புதிதாக ஏதும் சேர்த்தார்களா என்பதற்குச் சாட்சி ஊரின் கையில் இருக்கும். நாளைக்கு யார் எந்த உரிமை கோரி வந்தாலும், ஆவணம் வைத்திருப்பவரோடுதான் பேச வேண்டி வரும்.

பள்ளியைக் கட்டியவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பதற்கு அகழாய்வு விடை சொல்லட்டும். அதைக் காக்கப்போகிறவர்கள் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது இப்போதே தெரியும். அவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நெடுந்தீவிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான்: இந்த மாரி முடிந்ததும் முதல் அளவை எடுங்கள்.